பையன்களுக்குக் கொடுக்கக் கூடாத புத்தகம்

அசோகமித்திரனுடைய 'பதினெட்டாவது அட்சக்கோடு' நாவலைப் பையன்கள் கையில் கொடுக்கக் கூடாது என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். நல்ல மனிதர். முப்பது வருஷத்துக்கு மேல் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சேலையூரில் ஒரு வீட்டு மாடியில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் மாதம் ஒரு முறை கூடிப் புத்தகங்களைப் பற்றிப் பேசுவதுண்டு. பேச்சு அங்கேதான் வந்தது. எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. எனக்கு எப்போதும் அப்படித்தான். சொல்ல வேண்டியதெல்லாம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் தோன்றும். ஆகவே எழுதிவிடுகிறேன். ஆசிரியர் ஐயா கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன். கோபித்துக்கொண்டாலும் அடுத்த மாதம் அவர் வீட்டில்தான் காப்பி.

விஷயம் ஒரு பையனிடமிருந்து ஆரம்பித்தது. கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருக்கோடியில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. தகப்பனார் பீகார்க்காரர், வீடுகளுக்கு டைல்ஸ் பதிக்கிற வேலை. பையன் மூன்று வயதில் இங்கே வந்தவன். இப்போது பிளஸ் டூ. அவன் பேசுகிற தமிழைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பேரம் பேசுகிறவர்களில் ஒருவன் என்றுதான் நினைப்பீர்கள். பள்ளிக்கூடத்தில் அவனை 'வடக்கன்' என்கிறார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பாட்டனார் கிராமத்துக்குப் போனால் அங்கே சித்தப்பா பிள்ளைகள் 'மதராஸி' என்கிறார்கள். இதை அவன் ஒரு வேடிக்கையாகத்தான் என்னிடம் சொன்னான். நானும் சிரித்து வைத்தேன். சிரித்தது தப்பு என்று பிறகு தோன்றியது.

ஒரு நாள் வீட்டுக்கு வந்தவன் அலமாரியைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"சார், இவ்ளோ புக்கு இருக்கே, நான் படிக்கிற மாதிரி ஏதாச்சும் இருக்கா?"

"எந்த மாதிரி வேணும் உனக்கு?"

"தெர்ல சார். ராஜா கதை வேணாம்."

அந்தக் கடைசி வார்த்தை என்னை யோசிக்க வைத்தது. நம் வீடுகளில் படிக்கிற பழக்கமுள்ள குழந்தைக்கு முதலில் படக்கதையும் நீதிக்கதையும் கொடுக்கிறோம். பதின்மூன்று பதினான்கு வயதானதும் ஒரே தாவலாகப் 'பொன்னியின் செல்வன்'. 1950-லிருந்து 1954 வரை தொடர்கதையாக வந்த அந்த நாவல்தான் இன்றைக்கும் நம் பையன்களுக்கும் பெண்களுக்கும் முதல் பெரிய புத்தகம். எனக்கும் அதுதான். கல்கியைக் குறை சொல்ல நான் வரவில்லை; ராத்திரி விளக்கை அணைக்க விடாமல் படிக்க வைத்தவரைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் அதற்குப் பிறகு என்ன? வந்தியத்தேவனின் குதிரை எந்த வழியாகத் தஞ்சைக்குப் போயிற்று என்று தெரிந்து வைத்திருக்கும் பையனுக்குத் தன் வகுப்பில் நாலாவது பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கிறவன் யார், ஏன் அப்படி உட்கார்ந்திருக்கிறான் என்று சொல்ல ஒரு புத்தகம் கொடுத்தோமா? சோழ நாடே தன் ஊர் என்று நினைத்துக்கொள்ள முடியாத பையன் எந்தக் குதிரையில் ஏறுவது?

இருக்கிறது, அப்படி ஒரு புத்தகம். 1977-ல் வந்தது. இன்றைக்கும் கடையில் கிடைக்கிறது. என் பிரதியை யாரோ வாங்கிக்கொண்டு போய், அந்த யாரோ யார் என்பதே எனக்கு மறந்துவிட்டபடியால், நூலகத்தில் எடுத்துத் தரலாம் என்று பையனையும் அழைத்துக்கொண்டு போனேன். எந்த நூலகம் என்று சொல்லப் போவதில்லை. அங்கே இருப்பவர்கள் குறைந்த சம்பளத்தில் நிறைய தூசு தின்கிறவர்கள். நாவல் அடுக்கில் புத்தகம் இல்லை. அரை மணி தேடிய பிறகு பூகோளப் புத்தகங்களுக்கு நடுவில் அகப்பட்டது. "தலைப்பப் பாத்துட்டு யாரோ அங்க வெச்சிருக்காங்க சார்" என்றார் அங்கே இருந்த அம்மாள். உள்ளே ஒட்டியிருந்த சீட்டில் கடைசித் தேதி பதினோரு வருஷத்துக்கு முந்தியது. பதினோரு வருஷமாக அந்த நாவல் தேசப்படங்களோடு குடித்தனம் நடத்தியிருக்கிறது.

இதில் இன்னொரு கூத்து. பையனுக்காக எடுக்கிறேன் என்றதும் அந்த அம்மாள், "அவனுக்கா? இது பெரியவங்க படிக்கிறது சார். சிறுவர் பகுதியில நிறைய நல்ல புக்கு இருக்கே" என்றார். மீசை அரும்பிய பதினேழு வயதுப் பையன் சிறுவர் பகுதியின் குட்டை நாற்காலிகளைத் திரும்பிப் பார்த்தான். எனக்கு வருத்தமாக இருந்தது. அந்த அம்மாள் மேல் அல்ல. சிறுவர் பகுதி என்று ஒன்று வைத்திருக்கிறோம், பெரியவர் பகுதி என்று ஒன்று வைத்திருக்கிறோம். இரண்டுக்கும் நடுவே நாலைந்து வருஷம் மனிதனாகிக்கொண்டிருக்கிற ஜீவன் எங்கே உட்காருவது? சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது 1948-ல். சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். கோட்டூர்புரத்தில் 2010-ல் திறந்த பெரிய நூலகத்தில் குழந்தைகளுக்கென்று அழகான தனிப் பகுதியே இருக்கிறது. சாகித்திய அகாதெமியும் குழந்தை இலக்கியத்துக்குப் பால சாகித்திய புரஸ்கார் கொடுக்கிறது, அப்புறம் யுவ புரஸ்கார் கொடுக்கிறது. யுவ என்றால் இளைஞர் படிப்பதற்கு என்று நினைத்துவிடாதீர்கள். எழுதியவருக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்று அர்த்தம். படிக்கிற இளைஞனைப் பற்றி யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

அந்த 1948-தான் இந்த நாவலின் வருஷமும். சந்திரசேகரன் என்று ஒரு தமிழ்ப் பையன். சிகந்தராபாத்தில் லான்சர் பாரக்ஸ் என்கிற ரயில்வே குடியிருப்பில் இருக்கிறான். அப்பா நிஜாம் ரயில்வேயில் உத்தியோகம். வீட்டில் தமிழ், தெருவில் உருது, கொஞ்சம் தள்ளிப் போனால் தெலுங்கு, கல்லூரியில் இங்கிலீஷ். அக்கம்பக்கத்தில் முஸ்லிம்கள், ஆங்கிலோ இந்தியர்கள். அவனுக்குக் கிரிக்கெட் பைத்தியம். சைக்கிள் இருக்கிறது. வீட்டில் மாடு இருக்கிறது, மாட்டின் சங்கடங்களும் இருக்கின்றன. தேசம் 1947 ஆகஸ்டில் சுதந்திரம் அடைகிறது. ஆனால் அவன் இருக்கிற இடம் தேசத்தில் சேரவில்லை. நிஜாம் ஒரு பக்கம், ரஜாக்கர்கள் ஒரு பக்கம், எல்லைக்கு அப்பால் இந்திய சர்க்கார் ஒரு பக்கம். நடுவே இந்தப் பையன் கிரிக்கெட் ஆட வேண்டும், பரீட்சை எழுத வேண்டும், பெண்களைப் பார்த்துக் கூச வேண்டும். 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் உள்ளே வருகிறது. ஐந்தே நாளில் எல்லாம் முடிந்துவிடுகிறது. அதாவது சரித்திரப் புத்தகத்தில் முடிந்துவிடுகிறது.

பையனுடைய கதை அதற்குப் பிறகுதான் முடிகிறது. அந்த முடிவுதான் ஆசிரியர் ஐயாவுக்கு ஆகவில்லை. அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் இலக்கியவாதிகளிடம் ஒரு வார்த்தை. இந்த நாவலைப் புகழாத விமரிசகர் இல்லை. இங்கிலீஷில் மொழிபெயர்ப்பு இருக்கிறது. கருத்தரங்குகளில் அதன் பெயர் அடிபடாமல் இருப்பதில்லை. அப்படியிருக்க இதைக் கவனிக்கப்படாத நாவல் என்று நான் சொல்வது பலருக்கு விநோதமாகப் படலாம். புகழ்வது வேறு, உரியவர் கையில் சேர்ப்பது வேறு ஐயா. ஒரு பதினேழு வயதுப் பையனைப் பற்றி, பதினேழு வயதின் கண்ணால், பதினேழு வயதின் வெட்கத்தோடும் அசட்டுத்தனத்தோடும் எழுதிய புத்தகத்தை ஐம்பது வயதுக்காரர்கள் ஐம்பது வயதுக்காரர்களுக்குச் சிபாரிசு செய்துகொண்டிருக்கிறோம். கல்யாண வீட்டில் குழந்தைக்கு வந்த பலகாரத்தை மாமாக்கள் உட்கார்ந்து ருசி பார்த்து "பேஷ், பேஷ்" என்று சொல்லிக்கொண்டே தீர்த்துவிடுகிற மாதிரி.

அமெரிக்காவில் சாலிஞ்சர் 1951-ல் ஒரு நாவல் எழுதினார், 'தி கேட்சர் இன் தி ரை'. ஹார்ப்பர் லீ 1960-ல் 'டு கில் எ மாக்கிங்பேர்டு' எழுதினார். முதலாவது, பெரியவர்கள் படிக்கத்தான் வெளிவந்தது. ஆனால் இரண்டையும் பையன்களும் பெண்களும் தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடங்கள் பாடமாக வைத்தன. வைக்கக் கூடாதென்று பெற்றோர்கள் சண்டை போட்டார்கள். சண்டை போட்டதனாலேயே இன்னும் நாலு பேர் படித்தார்கள். நம் ஊரில் சண்டைகூட இல்லை. வேளச்சேரியிலும் குரோம்பேட்டையிலும் உள்ள பெரிய கடைகளில் 'யங் அடல்ட்' என்று பலகை எழுதி, வழவழப்பான அட்டையோடு இங்கிலீஷ் நாவல்களை அடுக்கியிருக்கிறார்கள். ஏதோ ஒரு அமெரிக்க ஊரில் ஒரு பெண் தான் யார் என்று தெரியாமல் தவிப்பதை நம் வீட்டுப் பெண்கள் வாங்கிப் படிக்கிறார்கள். படிக்கட்டும், நல்லதுதான். அந்தக் கடையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் எங்கோதான் இந்த நாவலை எழுதியவர் தம் கடைசிக் காலத்தைக் கழித்தார் என்பதாவது அவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

அசோகமித்திரன் 1931-ல் சிகந்தராபாத்தில் பிறந்தவர். நம் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓட ஆரம்பித்ததும் அதே வருஷம்தான். தகப்பனார் இறந்த பிறகு 1952-ல் சென்னைக்கு வந்தார். ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்தார். பிறகு எழுத்தைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை என்று சொல்லலாம். 2017 மார்ச்சில் வேளச்சேரியில் காலமானார். அறுபத்தைந்து வருஷம் இந்த ஊரில் இருந்தவர், பிறந்த ஊரை எழுதித் தீர்க்கவில்லை. அகாதெமி பரிசு பெற்ற 'அப்பாவின் சிநேகித'ரிலும் சிகந்தராபாத் வருகிறது. எந்த ஊர் என்று கேட்டால் அவர் என்ன பதில் சொல்லியிருப்பார்?

எங்கள் பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். தாம்பரம் என்று பதில் வராது. திருநெல்வேலி, விழுப்புரம், கும்பகோணம் என்று வரும். ரயில்வே, விமானப்படை, கிறிஸ்தவக் கல்லூரி, தோல் பதனிடும் கம்பெனி என்று ஒவ்வொன்றுக்காக ஒவ்வொரு காலத்தில் வந்து இறங்கியவர்கள். 2021-ல் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்று எல்லாவற்றையும் சேர்த்துத் தாம்பரத்தை மாநகராட்சியாக்கினார்கள்; அப்போதும் பொங்கலுக்கு முதல் நாள் பாதி ஊர் "ஊருக்கு"ப் போய்விட்டது. எனக்குத் தெரிந்த ஒரு மாமி 1991 காவேரிக் கலவரத்தில் பெங்களூரிலிருந்து இரண்டு பெட்டியோடு வந்தவர். அங்கே தமிழர்களைத் தேடி அடித்தார்கள். அவர் இன்றைக்கும் கன்னடத்தில்தான் கணக்குப் போடுவார். லான்சர் பாரக்ஸ் சிகந்தராபாத்தில் இருப்பதாகவா நினைக்கிறீர்கள்?

சரி, இப்போது ஆசிரியர் ஐயாவின் ஆட்சேபம். அவர் சொன்னது இது: "கடைசி அத்தியாயத்தை ஒரு பையன் படிக்கலாமா சார்? ஒரு பெண்ணை அந்த நிலையில் காட்டலாமா?"

நாவலைப் படிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ராணுவம் வந்த பிறகு ஊரில் கணக்குத் தீர்க்கிறார்கள். அது வரை அடக்கி ஆண்ட மதத்தைச் சேர்ந்த ஏழைகள், ஆண்டதில் எந்தப் பங்கும் இல்லாதவர்கள், அடிபடுகிறார்கள். சர்க்கார் அனுப்பிய சுந்தர்லால் குழு, சமஸ்தானம் முழுவதிலும் 27,000 முதல் 40,000 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று மதிப்பிட்டது. அந்த அறிக்கையைப் பல்லாண்டுகள் வெளியிடவே இல்லை. அப்படிப்பட்ட ஓர் இரவில் சந்திரசேகரன் ஓடி வந்து ஒரு வீட்டுக்குள் குதிக்கிறான். அவன் யாரையும் அடிக்க வந்தவன் அல்ல. தப்பித்து ஓடி வந்தவன். உள்ளே ஒரு முஸ்லிம் குடும்பம் நடுங்கிக்கொண்டிருக்கிறது. அவர்கள் கண்ணுக்கு அவன் கொல்ல வந்தவன். வீட்டாரைக் காப்பாற்ற ஒரு பெண் தன் மானத்தையே அவன் முன்னால் வைக்கிறாள். அவன் குமட்டலோடு தலைதெறிக்க ஓடுகிறான்.

இதில் ஆபாசம் எங்கே இருக்கிறது? சினிமாவில் அரைத்துணி ஆட்டத்தைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிறோம். ஆசிரியர் ஐயாவும் பார்க்கிறார், பேரன்களும் பார்க்கிறார்கள். அங்கே பெண்ணைப் பார்த்துச் சந்தோஷப்படச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இங்கே ஒருவன் பார்த்துவிட்டு வெட்கத்தால் செத்துப் போகிறான். எது பையன்களுக்கு ஆகாதது?

பெரியவர்களின் பயம் பெண்ணைப் பற்றியது அல்ல என்பது என் சந்தேகம். நாவல் முழுவதும் பாவம், நல்ல பையன், சிறுபான்மைக்காரன், நம் பையன் என்று நாம் கூடவே வருகிறோம். கடைசியில் அந்தப் பெண்ணின் கண் வழியாக அவனைப் பார்க்க வைத்துவிடுகிறார் ஆசிரியர். ஒரே ராத்திரியில் பயந்தவன் பயமுறுத்துகிறவனாகிவிட்டான், ஒன்றுமே செய்யாமல், பிறப்பு ஒன்றினாலேயே. தான் யார் என்று அவன் இரண்டு வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தான். அவள் ஒரு விநாடியில் தீர்மானித்துவிட்டாள். இதைப் படித்த பையன் நம்மைப் பார்த்து ஏதாவது கேட்டுவிடுவானோ என்பதுதான் பயம். 'வடக்கன்' என்கிற வார்த்தையை அவன் எந்த வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனான்?

ரொம்பத் தூரம் போக வேண்டாம். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளிகளை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய்ப் படங்களும் வதந்தியும் கிளம்பின. எங்கோ எப்போதோ நடந்ததைப் படம் பிடித்து இங்கே நடந்ததாகப் பரப்பினார்கள். பீகார் சர்க்கார் அதிகாரிகளை அனுப்பி விசாரித்தது. தமிழ்நாட்டுப் போலீஸ் வதந்தி பரப்பியவர்கள் மேல் வழக்குப் போட்டது. எல்லாம் சரி. அந்த வாரம் எங்கள் தெருக்கோடி வீட்டில் விளக்கு எரியவில்லை. டைல்ஸ்காரர் நாலு நாள் வேலைக்குப் போகவில்லை. ஐந்தாம் நாள் நான் கதவைத் தட்டினேன், ஏதாவது வேண்டுமா என்று விசாரிக்க. கதவு ஒரு விரற்கடை திறந்தது. உள்ளேயிருந்து பார்த்த அந்த அம்மாளின் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. என்னைத் தெரியும் அவருக்கு. தீபாவளிக்குத் தட்டில் இனிப்பு வைத்துக் கொடுத்தனுப்புகிறவர். அந்தக் கணத்தில் நான் யாராக இருந்தேன் என்பது எனக்குப் புரிந்தது, இந்த நாவலை முன்பே படித்திருந்ததனால்.

இன்னோர் ஆட்சேபமும் உண்டு: நடை வறட்சியாக இருக்கிறதாம், ஒன்றுமே நடக்கவில்லையாம், பையன்களுக்குப் பொறுமை இருக்காதாம். கிரிக்கெட் ஆட்டம், சைக்கிள் விரட்டல், கல்லூரிக் கலாட்டா, ராணுவம், கலவரம் எல்லாம் இருக்கிற நாவலில் ஒன்றும் நடக்கவில்லை என்றால் என்ன செய்வது? உரக்கச் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஒரு குறையை நானே ஒப்புக்கொள்கிறேன். அந்தக் காலத்து ஹைதராபாத் அரசியல் தெரியாதவர்களுக்கு நடுவில் கொஞ்சம் தடுமாற்றம் இருக்கும். இரண்டு பக்கத்தில் ஒரு முன்னுரை போட்டு, பிளஸ் டூ மாணவனுக்குப் புரிகிற மாதிரி ரஜாக்கர் என்றால் யார், நிஜாம் ஏன் சேர மறுத்தார் என்று சொல்லி ஒரு மலிவுப் பதிப்புக் கொண்டுவந்தால் போதும். அட்டையில் ஒரு சைக்கிளும் கிரிக்கெட் மட்டையும் போடுங்கள்; தேசப்படம் போடாதீர்கள், மறுபடியும் பூகோளத்துக்குப் போய்விடும்.

பையன் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய் ஒரு வாரம் வரவில்லை. பிறகு சாயங்காலம் வாசலில் சைக்கிளை நிறுத்தி, இறங்காமலே கேட்டான்.

"சார், பிரிண்டிங் மிஸ்டேக்கா இது? ஒரு எடத்துல 'நான்'ங்கறான். இன்னொரு எடத்துல 'அவன்', 'சந்திரசேகரன்'னு வருது. ரெண்டும் ஒரே ஆள்தானே?"

விமரிசகர்கள் இதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். நான் அதையெல்லாம் சொல்லவில்லை. "மிஸ்டேக் இல்ல. உனக்கு என்ன தோணுது?" என்றேன்.

பெடலைக் காலால் பின்னுக்குச் சுற்றிக்கொண்டே சற்று யோசித்தான். "எனக்கும் வீட்ல ஒரு பேரு, ஸ்கூல்ல ஒரு பேரு சார். ஸ்கூல்ல யாராச்சும் கூப்டா, ஒரு நிமிஷம் கழிச்சுத்தான் நான்னு தெரியும்" என்றான்.

நூலகத்துக்குத் திருப்ப வேண்டிய கெடு தாண்டிவிட்டது. அபராதம் நான்தான் கட்ட வேண்டும், என் அட்டையில் எடுத்தது. நேற்றுக் கேட்டபோது, கடைசி அத்தியாயத்தை இரண்டு தடவை படித்தேன் என்று மட்டும் சொன்னான். அதைப் பற்றி வேறொன்றும் பேசவில்லை, நானும் தூண்டவில்லை. புத்தகம் எங்கே என்றேன். தங்கை படித்துக்கொண்டிருக்கிறாளாம். அவள் பதினோராம் வகுப்பு. ஆசிரியர் ஐயாவுக்கு இதை நான் இன்னும் சொல்லவில்லை.